தவிலுக்கு அடுத்து என்ன போடலாம்?

சமுதாய வானொலியில் வாரம் ஒரு மணி நேரம், எந்த இசையை வேண்டுமானாலும் போடலாம் என்று கிடைத்தால், கையில் இருக்கிற அபூர்வங்களையெல்லாம் வரிசையாகக் கொட்டிவிடத்தான் முதலில் தோன்றும். ஒரு தேவாரம், அடுத்து மாலி நாட்டு கிட்டார், அதற்கடுத்து ஜப்பானிய மூங்கில் குழல், பிறகு ஒரு கானா. ஒவ்வொன்றும் நல்ல பாட்டுதான். ஆனாலும் கேட்பவர் மூன்றாவது பாட்டில் கழன்றுகொள்வார். சினிமாப் பாட்டு நிகழ்ச்சியில் பாட்டு ஏற்கெனவே தெரிந்தது. அந்தப் பழக்கமே நேயரைப் பிடித்து உட்கார வைக்கும். இங்கே தெரியாத பாட்டுக்குப் பின் இன்னொரு தெரியாத பாட்டு வருகிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் காதுக்குப் பிடிபடுகிற ஒரு காரணம் இருந்தே ஆக வேண்டும். கலவை நிகழ்ச்சிக்குத்தான் கட்டுக்கோப்பு அதிகம் தேவை.

புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு அந்தக் காரணங்களைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை. சமுதாய வானொலிக்கு 50 வாட் டிரான்ஸ்மிட்டர்தான் அனுமதி. மேடு பள்ளம், கட்டடங்களைப் பொறுத்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் எட்டும். காலாப்பட்டில் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிற புதுவை வாணி 107.8 மாதிரியான நிலையத்துக்கு இதுதான் வட்டம். இந்தச் சின்ன வட்டத்தைக் குறையாக நினைக்கவே கூடாது. கேட்கிறவர்கள் அத்தனை பேருக்கும் மாசிமகத்து நாதஸ்வரம் தெரியும், பறை தெரியும், கூத்துக்கொட்டகை ஆர்மோனியம் தெரியும். அங்கிருந்து கிளம்பினால் உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போகலாம். நேயர் கூடவே வருவார்.

பாட்டையும் பாட்டையும் கோக்க மூன்று வழிகள் நம்பகமானவை: ஒரே குடும்பத்து வாத்தியம், ஒரே நடை, மனிதர்கள் போன வழி.

வாத்தியத்தை எடுத்துக்கொள்வோம். நாதஸ்வரத்துக்குப் பின் பலரும் ஷெனாயைப் போடுவார்கள். தவறில்லை, ஆனால் எல்லோரும் எதிர்பார்ப்பது. அதைவிடப் பொருத்தமானது பிரான்சின் பிரெத்தாஞ் பகுதியிலிருந்து வரும் பொம்பார்த். அதுவும் சீவாளி வைத்து ஊதுவதுதான், அதே மாதிரி திறந்தவெளிக்கென்றே உரக்க ஒலிப்பது. அதோடு பினியூ என்ற சிறிய பைக்குழல் ஒரு ஸ்தாயி மேலே சேர்ந்து வாசிக்கும். பையிலிருந்து சுருதியும் விடாமல் வந்துகொண்டிருக்கும். பொம்பார்த் ஊத மூச்சு நிறையப் பிடிக்கும். அதனால் அவர் ஒரு அடி ஊதிவிட்டு நிறுத்துவார், பினியூ அந்த இடத்தை நிரப்பும், மறுபடி இருவரும் சேர்வார்கள். நம் ஊரில் ஒத்துக்காரர் சுருதி பிடிக்க நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கிக்கொள்வதை நினைவூட்டினால் போதும், நேயர் உடனே பிடித்துக்கொள்வார். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களுக்குத் தாய்த்துறைமுகமாக இருந்த லோரியான் அதே பிரெத்தாஞ் பகுதியில்தான் இருக்கிறது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

அப்படியே ஒட்டிவிட முடியாது, சுருதி பார்க்க வேண்டும். ஸட்ஜம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைச் சொல்கிற அளவுதான் கட்டை. இன்றைய நாதஸ்வரம் பெரும்பாலும் 2 கட்டை, இரண்டரைக் கட்டை. பொம்பார்த் பெரும்பாலும் ஆறரைக் கட்டை. 2 கட்டையிலிருந்து பார்த்தால் அது சுத்த தைவதம். கடிக்காது, ஆனால் இழையவும் இழையாது. நடுவில் பதினைந்து விநாடி பேசிவிட்டால் முந்தைய ஸட்ஜம் காதில் கரைந்துவிடும். பேச்சில்லாமல் நேரே இணைக்கத் தோதானவை 2 கட்டைக்குப் பின் 5 கட்டை அல்லது 6 கட்டை. பழைய பாட்டின் மத்யமமோ பஞ்சமமோ புதுப் பாட்டின் ஸட்ஜமாக மாறி உட்கார்ந்துவிடும். மோசமானது அரைக் கட்டை வித்தியாசம். 2 கட்டைப் பாட்டு முடிந்த கையோடு இரண்டரைக் கட்டைப் பாட்டு ஆரம்பித்தால், புதிதாக வருபவர் அபஸ்வரமாகப் பாடுவது போலவே கேட்கும். பாவம், அவர் மேல் ஒரு குற்றமும் இருக்காது. போனில் ஒரு சுருதிப்பெட்டி ஆப் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாட்டின் கட்டையையும் முன்கூட்டியே குறித்து வையுங்கள். பத்துப் பாட்டுக்கு அரை மணி நேரம் ஆகும். நிகழ்ச்சியின் தரத்தை இதைவிட எளிதாக உயர்த்துகிற வேலை வேறொன்று எனக்குத் தெரியாது.

கூத்து ஆர்மோனியத்துக்கும் இப்படி ஒரு உறவுக்காரர் உண்டு. ஆர்மோனியத்துக்குப் பாரிஸில் 1840களில் தெபேன் என்பவர் காப்புரிமை வாங்கினார். தரையில் வைத்துக் கையால் துருத்தி போடுகிற வடிவம் பின்னால் கல்கத்தாவில் உருவானது. பாரிஸ் நடன அரங்குகளின் மியூசெத் அக்கார்டியனிலும் உள்ளே இருப்பது அதே உலோக நாக்குகள்தான். ஒரே சுரத்துக்கு இரண்டு மூன்று நாக்குகள் வைத்து, ஒன்றை வேண்டுமென்றே மயிரிழை பிசகச் சுருதி சேர்ப்பார்கள். அதனால்தான் அந்த ஒலி அலையடிக்கிறது. இதைச் சொல்லிவிட்டுப் போட்டால், அடுத்த முறை கூத்தில் பழைய ஆர்மோனியம் லேசாக அலையும்போது நேயர் காது அதைப் பிடிக்கும். 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தையே விலக்கி வைத்தது. அந்தத் தடை முப்பது ஆண்டுக்கு மேல் நீடித்தது. கூத்து மேடையில் அந்தத் தடையை யார் மதித்தார்கள்!

இனி நடையும் வழியும். புதுச்சேரிக்காரர்களுக்கு இரண்டும் சேர்ந்தே கிடைக்கும், இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரியூனியன் தீவில்.

பிரெஞ்சுக் காலனிகளில் 1848இல் அடிமைமுறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஏராளமான தமிழர்கள் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பலேறினார்கள். ஓரேலி என்ற கப்பல் கரீபியன் தீவுகளான 1853இல் மார்த்தினிக்குக்கும் 1854இல் குவாதலூப்புக்கும் ஆட்களை இறக்கியது. ரியூனியனுக்கு அதற்கும் முன்பிருந்தே போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே அவர்களின் வழித்தோன்றல்கள் கோயில் விழாவில் அடிக்கிற தோல்கருவிக்கு இன்றும் ‘தப்பு’ என்ற நம் பெயர்தான், கொஞ்சம் உருமாறி. அடிக்கும் முன் நெருப்பில் காய்ச்சுகிறார்கள், நம் பறையைப் போலவே.

அதே தீவின் மாலோயா, ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகளிடம் பிறந்த இசை. அதிகாரிகள் நெடுநாள் ஒதுக்கி வைத்தது. 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. உருளெர் என்ற பீப்பாய் முரசின் மேல் ஏறி உட்கார்ந்து கையால் அடிப்பார்கள். கயம்ப் என்பது கரும்புப் பூத்தண்டுகளை அடுக்கிக் கட்டிய தட்டையான பெட்டி, உள்ளே விதைகள். இரு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் கடலை வறுபடுகிற மாதிரி ஓசை வரும். தாளம் மும்மூன்றாகப் பிரியும், நம் கணக்கில் திஸ்ர நடை. திஸ்ரத்தில் போகிற ஒரு பறையாட்ட அடியைப் போட்டு, அது முடிந்ததும் கயம்ப்பைத் திறந்தால் நேயரின் கால் தாளத்தை விடாது. வேகம் மட்டும் ஒத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு ஐந்தாறு அடி வித்தியாசம் வரை காது பொறுக்கும். அதற்கு மேல் போனால் இரண்டு விநாடி மௌனம் விடுங்கள், அல்லது பேசுங்கள். இரண்டு தாளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக மங்க வைத்து இணைப்பதை மட்டும் செய்யாதீர்கள். திஸ்ரமும், நான்கு நான்காகப் பிரிகிற சதுஸ்ரமும் மோதுகிற அந்த நான்கு விநாடியில் வண்டி ஓட்டிக்கொண்டே கேட்கிறவர்கூட முகம் சுளிப்பார்.

புதிய இசையைக் கண்டுபிடிப்பதும் இதே வழிதான். செயலிகள் பரிந்துரைப்பதை நம்பி உட்கார்ந்தால் அது ஏற்கெனவே கேட்டதையே வேறு வேறு சட்டை மாட்டி அனுப்பும். ஒரு பாட்டு பிடித்தால் பாடகரை விட்டுவிட்டு, யார் அந்த முரசு அடித்தது, எந்த ஒலிக்கூடம், எந்த நிறுவனம் வெளியிட்டது என்று பாருங்கள். இசைத்தட்டு விவரங்களைத் திரட்டி வைத்திருக்கிற டிஸ்காக்ஸ் தளத்தில் வாத்தியக்காரர் பெயரைச் சொடுக்கினால் அவர் வாசித்த மற்ற தட்டுகள் எல்லாம் வரும். கலைஞர்கள் தங்கள் பாட்டை நேரடியாக விற்கிற பேண்ட்கேம்ப் தளத்தில் ஒரு தொகுப்பை வாங்கியவர்களின் படங்கள் பக்கத்தில் வரிசையாக இருக்கும். ஒருவரைத் தொட்டால் அவர் வேறு எதையெல்லாம் காசு கொடுத்து வாங்கினார் என்று தெரியும். காசு கொடுத்து வாங்குகிற ரசிகரின் அலமாரி பொய் சொல்லாது. தேடும்போது எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போடுங்கள். கிரியோல் மொழிச் சொற்களுக்கு இரண்டு மூன்று எழுத்துமுறை உண்டு. பிரெஞ்சு எழுத்தில் கிடைக்காதது கிரியோல் எழுத்தில் கிடைக்கும்.

ரேடியோ கார்டன் தளத்தில் உலக உருண்டையைச் சுழற்றி அந்தந்த ஊர் வானொலியை நேரடியாகக் கேட்கலாம். நேரத்தைக் கணக்குப் பார்த்துக் கேட்டால்தான் பலன். ரியூனியன் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே மாலை ஏழு மணி நிகழ்ச்சி இங்கே இரவு எட்டரைக்கு. குவாதலூப் ஒன்பதரை மணி நேரம் பின்னால். அங்கே காலை ஒலிபரப்பு இங்கே சாயங்காலம் ஆகிவிடும். பெயர் தெரியாத பாட்டு வந்தால், பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்கிற ஷசாம் செயலியை முயற்சி செய்யுங்கள். சின்ன ஊர்ப் பதிவுகளை அது பெரும்பாலும் கண்டுபிடிக்காது. போனில் முப்பது விநாடி பதிந்து, அந்த ஊர் நேரத்தைக் குறித்து, நிலையத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள். நிகழ்ச்சி நடத்துகிறவர் இன்னொரு நிகழ்ச்சி நடத்துகிறவரின் கேள்விக்கு மகிழ்ச்சியாகவே பதில் எழுதுவார்.

உள்ளூரில் தேட, புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையின் பழைய சாமான் விரிப்புகளைப் பாருங்கள். கேசட் கிடைத்தால் போடுவதற்கு முன் ஜன்னல் வழியே நாடாவின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளை பூத்திருந்தால் அது பூஞ்சை, கடலோர ஊர்களில் சகஜம். நல்ல டெக்கில் அதைப் போட்டால் அடுத்தடுத்துப் போடுகிற கேசட்டுக்கும் தொற்றும். அதற்கென்று ஒரு பழைய டெக் ஒதுக்கி வையுங்கள். சுத்தமான கேசட்டையும் ஒரு முறை முழுதாக முன்னும் பின்னும் ஓட்டி, நாடாவைப் படிக்கிற ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டே பதிய வேண்டும். ஒலி மந்தமாக, கம்பளி போர்த்தியது போல இருந்தால் நாடா கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். பெரும்பாலும் ஹெட்டின் சாய்வு ஒத்துப்போகாததுதான் காரணம். ஹெட்டுக்குப் பக்கத்தில் சிறிய திருகு ஒன்று இருக்கும். மோனோவில் கேட்டபடியே அதைக் கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்பினால் ஓரிடத்தில் தாளமும் ‘ஸ’வும் பளிச்சென்று திறக்கும். அங்கே நிறுத்துங்கள்.

நீங்களே பதிவதானால் மாசிமகத்தன்று வைத்திக்குப்பமும் தேவனாம்பட்டினமும் இருக்கின்றன. கூத்து விடிய விடிய நடக்கிற கிராமங்கள் சுற்றிலும் உண்டு. கைப்பதிவுக் கருவியை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் வைத்து, உச்சம் கழித்தல் 12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தவில் ஒரு தீர்மானத்தில் சட்டென்று எகிறும். தவிலின் வலந்தலையில், அதாவது வலப்பக்க முகத்தில், கெட்டியான உறைகளான கூடு போட்ட விரல்கள் விழுவதால் அந்தப் பக்கம் நேராக மைக்கை நீட்டினால் ‘டக் டக்’ மட்டும்தான் பதியும்; எதிரே மூன்று மீட்டர் தள்ளி, இரண்டு முகத்துக்கும் நடுவில் வையுங்கள். கூத்தில் கூம்பு ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்கவே கூடாது. மேடையோரம் பின்பாட்டுக்காரர்கள் பக்கம் உட்கார்ந்தால் முகவீணையும் மத்தளமும் நேராகக் கிடைக்கும். கடற்கரையில் ரோமம் வைத்த காற்றுத்தடுப்பு இல்லாமல் பதியாதீர்கள். கூடவே 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுகிற பொத்தானைப் போடுங்கள். பதிவைத் தொடங்கும்போதே கலைஞரின் குரலில் பெயர், ஊர், குழுவின் பெயர், வானொலியில் போடச் சம்மதம் இவ்வளவையும் வாங்கிவிடுங்கள். அதுதான் பின்னால் நிகழ்ச்சி அறிமுகத்துக்கும் உதவும்.

ஒலித்தரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் ஹெட்போனில் அருமையாக இருக்கிற பாட்டு காற்றில் கெட்டுப்போவதற்குக் காரணம் இருக்கிறது. எஃப்எம்மில் அனுப்பும்போது மேல் அலைவரிசைகளை ஏற்றி அனுப்பி, ரேடியோவில் இறக்கிக் கேட்கிறோம். இரைச்சலைக் குறைக்க அந்த ஏற்பாடு. சுமார் 3 கிலோஹெர்ட்ஸிலிருந்து ஏற ஆரம்பித்து 15 கிலோஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 14 டெசிபல் வரை ஏறும். ஜால்ராவும் முகவீணையும் அந்தப் பகுதியில்தான் வாழ்கின்றன. ஜால்ரா ‘ஜிங்’ என்ற ஒவ்வொரு முறையும் அளவு மீறும் ஒலியை அடக்குகிற நிலையத்தின் லிமிட்டர் மொத்த ஒலியையும் அமுக்கும்; பாடுகிறவர் குரல் தாளத்துக்குத் தாளம் குழிக்குள் போய் வரும். பஜனைப் பதிவுகளில் இதை நன்றாகக் கேட்கலாம். அந்த மாதிரிப் பாட்டுகளுக்கு 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே 3 டெசிபல் குறைத்து ஒரு தனிப் பிரதி செய்து வைத்துக்கொண்டால் தீரும்.

ஜால்ராவை வைத்தே எம்பி3 தரத்தையும் சோதிக்கலாம். 128 கேபிபிஎஸ் கோப்பில் ஜால்ராவின் வால் தண்ணீரில் கொப்புளிப்பது போலக் கேட்கும். அதை 320 என்று மறுபடி சேமித்து விநியோகிப்பவர்கள் உண்டு. அலைவரிசைகளைப் படமாகக் காட்டுகிற ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் 16 கிலோஹெர்ட்ஸில் கத்தரித்த மாதிரி ஒரு கோடு தெரியும். பெயரில் 320 இருந்தாலும் உள்ளே இருப்பது 128. அதை நிலையத்தின் மென்பொருள் இன்னொரு முறை சுருக்கினால் இரட்டிப்புக் கேடு. முடிந்தவரை ஒலி இழப்பில்லாத வேவ் அல்லது ஃபிளாக் கோப்பு வாங்குங்கள்.

மோனோ சோதனையையும் விடாதீர்கள். பழைய இசைத்தட்டை யாரோ பதிவேற்றியதில் இடது, வலது இரண்டும் எதிர்க்கட்டத்தில், அதாவது ஒன்றின் அலை ஏறும்போது மற்றது இறங்குவதாக இருந்தால், ஹெட்போனில் அகலமாகக் கேட்கும். ஒற்றை ஸ்பீக்கர் ரேடியோவில் பாடகரே காணாமல் போவார். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஒரு சேனலைத் தலைகீழாக்கினால் சரியாகிவிடும். அதே ஆடாசிட்டியில் எல்லாப் பாட்டையும் காதுக்குத் தெரிகிற சத்தத்தை அளக்கிற எல்யூஎஃப்எஸ் கணக்கில் கழித்தல் 16 அளவுக்குச் சமப்படுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் 1950களின் இசைத்தட்டும் போன மாதத்து ராப்பும் அடுத்தடுத்து வரும்போது ஃபேடரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

கார்த்திகை, மார்கழி மழையில் ஸ்டுடியோ கண்டென்சர் மைக் பட்பட்டென்று பொரியும். ஈரம் உள்ளே இறங்கியதன் அடையாளம் அது. சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் இரவு முழுக்க வைத்தால் பெரும்பாலும் தேறும். அதுவரை சாதாரண டைனமிக் மைக்கில் பேசுங்கள். அதற்கு ஈரம் ஒரு பொருட்டில்லை.

ஒரு மணி நேரக் கணக்கு இப்படி: நிலைய அறிவிப்புக்கு இரண்டு நிமிடம் போக 58. சராசரி நாலரை நிமிடத்தில் பத்துப் பாட்டு 45. பேச்சு பத்து. மிச்சம் மூன்று நிமிடம் கைவசம். எங்கே வேண்டுமானாலும் மங்க வைக்கக்கூடிய வாத்திய இசை இரண்டு, ஒன்றரை நிமிடத்தில் ஒன்றும் மூன்று நிமிடத்தில் ஒன்றும், தயாராக இருக்கட்டும். கோப்பு திறக்காமல் மக்கர் செய்யும்போது அவைதான் காப்பாற்றும். பத்தில் மூன்று நேயருக்கு நன்றாகத் தெரிந்ததாக, நான்கு அரைகுறையாகத் தெரிந்ததாக, மூன்று அறவே புதிதாக இருந்தால் சரியாக வரும். புதியதை முதல் பாட்டாக வைக்காதீர்கள். மூன்று, ஆறு, ஒன்பதாம் இடங்கள் தோதானவை.

பேச்சில் கலைஞரின் வாழ்க்கை வரலாறு வேண்டாம். எதைக் கேட்க வேண்டும் என்று ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: ‘இரண்டாவது நிமிடத்தில் முரசு நின்றுவிடும், கயம்ப் மட்டும் தனியாக வரும், கவனியுங்கள்.’ நேயர் அந்த இடத்துக்காகக் காத்திருப்பார். காத்திருந்தால் பாட்டு முழுதும் கேட்டாகிவிட்டது. ‘அடுத்து ஒரு வித்தியாசமான பாடல்’ என்பது அறிமுகமே இல்லை. பாட்டு முடிந்ததும் பெயரை மறுபடி சொல்லுங்கள், நிதானமாக, இரண்டு முறை. பிடித்துப்போய்க் குறித்துக்கொள்ள நினைப்பவர் பேனா எடுப்பது பாட்டு முடிந்த பிறகுதான். வெளிநாட்டுப் பெயர்களின் உச்சரிப்பை அந்த ஊர் வானொலியிலேயே கேட்டுத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உரிமை விஷயத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. இந்தியாவில் ஒலிப்பதிவுக்கான உரிமை வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. 1960இல் வந்த இசைத்தட்டின் பதிவுரிமை 2020 முடிவோடு தீர்ந்தது. ஆனால் பாட்டை இயற்றியவரின் உரிமை தனி. அது அவர் மறைந்து 60 ஆண்டு வரை. பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தார். ஆகவே 1960இல் பதிவான அவர் கீர்த்தனையின் தட்டு விடுதலையாகிவிட்டாலும் கீர்த்தனை 2033 முடிவு வரை விடுதலையில்லை. பாரதியார், பாரதிதாசன் பாடல்கள் அரசுடைமை. ஆனால் அவற்றுக்குப் பின்னால் ஒருவர் போட்ட மெட்டு அவருடையது. நிலையத்துக்கு எந்தெந்த உரிமைச் சங்கத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். படைப்புப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் வந்த பாட்டில் ‘வணிகமில்லை’ என்ற நிபந்தனை இருந்தால் விளம்பரதாரர் உள்ள நேரத்தில் போடாதீர்கள். பேண்ட்கேம்ப் கலைஞர்களிடம் வாங்கிய கையோடு ஒலிபரப்ப அனுமதி கேட்டு நாலு வரி எழுதினால் பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள்; அந்த மின்னஞ்சலைச் சேமித்து வையுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் பெயர், பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர், வெளியிட்டவர், நீளம், ஒலிபரப்பான நேரம் என்று க்யூ ஷீட் நிரப்பியே தீர வேண்டும். நிகழ்ச்சிப் பதிவை மூன்று மாதம் பாதுகாப்பது நிலையத்தின் கடமை. உங்கள் பிரதியை நீங்கள் தனியாக வைத்திருங்கள்.

அந்தப் பிரதியிலிருந்து ஒவ்வொரு கலைஞருக்கும் அவர் பகுதியை அறிமுகத்தோடு வெட்டி அனுப்புங்கள். ரியூனியன்காரருக்கு இணைப்பு போதும். நீங்கள் தமிழில் சொன்னதைப் பிரெஞ்சில் இரண்டு வரி சேர்த்துவிட்டால் அவர் தன் நண்பர்களின் பாட்டையும் அனுப்பி வைப்பார். கூத்துக் குழுவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒலி சுருங்கிவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் போட்டு வாத்தியாரிடம் நேரில் கொடுங்கள். அடுத்த கூத்து எந்த ஊரில், எந்தத் தேதியில் என்பதையும் அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.